தாவரங்களில் பாஸ்பேட் உள்ளெடுப்பும் புரதச் சிதைவும்

தாவரங்களில் பாஸ்பேட் உள்ளெடுப்பு என்பது மண்ணீரில் கரைந்துள்ள பாஸ்பேட் அயனிகளை வேர்கள் உறிஞ்சித் தண்டுக்கும் இலைகளுக்கும் அனுப்பும் செயற்பாடு ஆகும். எவ்வளவு பாஸ்பேட்டை உள்ளே விடுவது என்பதைத் தாவரம் இரண்டு வழிகளில் கட்டுப்படுத்துகின்றது. பாஸ்பேட்டைக் கடத்தும் புரதங்களைப் புதிதாக உருவாக்குவது ஒரு வழி. ஏற்கெனவே உள்ள கடத்திப் புரதங்களைச் சிதைப்பது, அல்லது சிதைக்காமல் விட்டுவைப்பது மற்றொரு வழி. இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாவது வழியைப் பற்றியது.

பாஸ்பேட் போதுமான அளவில் கிடைக்கும் காலத்தில் கடத்திப் புரதங்கள் தொடர்ச்சியாக அடையாளமிடப்பட்டு அழிக்கப்படுகின்றன. பற்றாக்குறை ஏற்படும்போது, அழிக்கும் வேலையைச் செய்யும் புரதங்களின் உற்பத்தியைத் தாவரம் அடக்கிவிடுகின்றது. இதனால் கடத்திகள் நிலைத்து நின்று, உள்ளெடுப்பு கூடுகின்றது. இந்தச் சிதைவு முறை பழுதடைந்த செடிகள் பட்டினியால் வாடுவதில்லை. மிகையான பாஸ்பேட் சேர்ந்து அதன் நச்சுத்தன்மையால் இலை கருகுகின்றன.

பாஸ்பரசின் தேவையும் கிடைப்பும்

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., உயிரணுச் சவ்வுகளில் உள்ள பாஸ்போலிப்பிடுகள், ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. மூலக்கூறு ஆகிய அனைத்திலும் பாஸ்பரஸ் உள்ளது. தாவரங்கள் இதனைப் பாஸ்பேட் அயனி வடிவிலேயே எடுத்துக்கொள்கின்றன. பெரும்பாலான மண்களில் மொத்தப் பாஸ்பரஸ் குறைவில்லாமல் இருந்தாலும் வேருக்குக் கிடைப்பது மிகச் சிறிதளவே. அமில மண்ணில் பாஸ்பேட் இரும்புடனும் அலுமினியத்துடனும் பிணைந்துவிடுகின்றது. கார மண்ணில் கால்சியத்துடன் பிணைந்து கரையாத உப்பாகின்றது.

இதன் விளைவாக மண்ணீரில் பாஸ்பேட்டின் செறிவு பெரும்பாலும் லிட்டருக்கு 10 மைக்ரோமோலுக்கும் குறைவாகவே இருக்கும். தாவர உயிரணுக்களுக்குள் இருக்கும் செறிவோ மில்லிமோல் அளவிலானது. அதாவது, வெளியே உள்ளதைப்போல் ஆயிரம் மடங்கு அளவில் பாஸ்பேட் குவிந்திருக்கும் இடத்துக்குள் மேலும் பாஸ்பேட்டை இழுக்கும் வேலையை வேர் செய்கின்றது. உயிரணுவின் உட்புறம் எதிர்மின் தன்மை கொண்டிருப்பதும் எதிர்மின் சுமையுள்ள பாஸ்பேட் அயனிக்குத் தடையாகும். எனவே இந்த உள்ளெடுப்பு ஆற்றல் செலவழித்தே நடைபெறுகின்றது. மேலும், பாஸ்பேட் மண்ணில் மிக மெதுவாகவே பரவுகின்றது. வேரைச் சுற்றியுள்ள மெல்லிய மண் பகுதி விரைவில் வற்றிப்போகின்றது. ஒரே செடியின் ஒரு வேர் வறிய இடத்திலும் மற்றொரு வேர் வளமான இடத்திலும் இருப்பது இயல்பே.

கடத்திப் புரதங்கள்

பாஸ்பேட் உள்ளெடுப்பில் இரண்டு வகைப் புரதங்கள் முக்கியமானவை.

முதலாவது, பிஎச்டி1 எனப்படும் குடும்பம். இப்புரதங்கள் வேர்த்தூவிகளிலும் வேரின் வெளியடுக்கு உயிரணுக்களிலும் சவ்வில் பதிந்திருந்து, புரோட்டான்களுடன் சேர்த்துப் பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவருகின்றன. ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படும் அராபிடாப்சிஸ் தாலியானா என்னும் சிறு செடியில் இக்குடும்பத்தில் 9 மரபணுக்களும், நெல்லில் 13 மரபணுக்களும் உள்ளன.

இரண்டாவது, பிஎச்ஓ1 என்னும் புரதம். வேருக்குள் வந்த பாஸ்பேட்டைச் சைலம் குழாய்களில் ஏற்றித் தண்டுக்கு அனுப்புவதில் இது முக்கியப் பங்கு வகிக்கின்றது.

சவ்வுப் புரதங்கள் எண்டோபிளாச வலையில் உருவாகி, கோல்கி உறுப்பு வழியாகச் சென்று சவ்வை அடைகின்றன. பிஎச்டி1 கடத்திகள் எண்டோபிளாச வலையை விட்டு வெளியேறுவதற்கு பிஎச்எஃப்1 என்னும் துணைப் புரதம் தேவை என்பது 2005 இல் அறியப்பட்டது. எனவே ஒரு கடத்தியை, அது உருவாகும் இடத்திலும் போகும் வழியிலும் சவ்வை அடைந்த பின்னரும் தடுத்து நிறுத்த இயலும்.

யூபிகுவிட்டின் வழிச் சிதைவு

யூபிகுவிட்டின் என்பது 76 அமினோ அமிலங்களைக் கொண்ட ஒரு சிறு புரதம். அழிக்கப்பட வேண்டிய புரதங்களின் மீது இது ஓர் அடையாளமாக ஒட்டப்படுகின்றது. இந்த வேலையை மூன்று வகை நொதிகள் வரிசையாகச் செய்கின்றன.

* இ1 நொதி யூபிகுவிட்டினை ஏ.டி.பி.யின் ஆற்றலைக்கொண்டு செயலூக்குகின்றது.
* இ2 நொதி செயலூக்கப்பட்ட யூபிகுவிட்டினைப் பெற்று ஏந்திச் செல்கின்றது.
* இ3 நொதி எந்தப் புரதத்தின் மீது ஒட்ட வேண்டும் என்பதை இனங்கண்டு ஒட்டச் செய்கின்றது.

இவ்வாறு சிதைவு நடைபெறுவதைக் கண்டறிந்தமைக்காக ஆரோன் சீக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அடையாளமிடப்பட்ட புரதங்களில் பல, புரோட்டியசோம் என்னும் பீப்பாய் வடிவப் புரதத் தொகுதிக்குள் சென்று துண்டாக்கப்படுகின்றன. சவ்வில் பதிந்துள்ள கடத்திகளின் முடிவு பெரும்பாலும் வேறு வகையானது. யூபிகுவிட்டின் ஒட்டப்பட்டதும், அவை இருக்கும் சவ்வுப் பகுதி சிறு குமிழாக உள்நோக்கிக் கிள்ளப்படுகின்றது. அக்குமிழ்கள் உயிரணுவின் நடுவிலுள்ள வாக்குவோல் என்னும் பெரிய நீர்ப்பையைச் சென்றடைகின்றன. அங்குள்ள நொதிகள் கடத்திகளைச் சிதைக்கின்றன.

புதிய கடத்திகளின் உற்பத்தியை நிறுத்துவது மட்டும் தாவரத்துக்குப் போதுமானதன்று. ஏற்கெனவே சவ்வில் உள்ள கடத்திகள் உற்பத்தி நின்ற பின்னரும் வேலை செய்துகொண்டே இருக்கும். நெடுநாள் பட்டினியில் இருந்து ஏராளமான கடத்திகளைச் சேர்த்து வைத்துள்ள ஒரு வேருக்குத் திடீரென உரம் கிடைத்தால், மிகையான பாஸ்பேட் உள்ளே வந்துவிடும். இருப்பவற்றை அகற்றும் வழி இருந்தால்தான் உள்ளெடுப்பை விரைவாகக் குறைக்க முடியும்.

கண்டுபிடிப்பு வரலாறு

இத்துறையின் பெரும்பகுதி இரண்டு சடுதிமாற்றச் செடிகளிலிருந்து வளர்ந்தது. 1991 இல், இலைகளில் பாஸ்பேட் மிகக் குறைவாக உள்ள ஓர் அராபிடாப்சிஸ் செடி விவரிக்கப்பட்டது. அதன் வேர் மண்ணிலிருந்து பாஸ்பேட்டை எடுத்தது. ஆனால் மேலே அனுப்பவில்லை. இதற்கு பிஎச்ஓ1 எனப் பெயரிடப்பட்டது.

1995 இல் இதற்கு நேர்மாறான செடி அறிவிக்கப்பட்டது. பிஎச்ஓ2 எனப் பெயரிடப்பட்ட அதன் இலைகளில் பாஸ்பேட் மிகையாகக் குவிந்திருந்தது. முதிர்ந்த இலைகளின் ஓரங்கள் வெளிறிக் காய்ந்தன. உள்ளெடுப்பைத் தடுக்கும் ஏதோ ஒன்று இச்செடியில் இல்லை என்பது தெளிவாயிற்று. அது எது என்பது அப்போது தெரியவில்லை.

2006 இல் தாய்வானின் அகாதெமியா சினிக்காவிலும் ஜெர்மனியின் கோல்மிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்திலும் பணியாற்றிய குழுக்கள் இதற்கு விடை கண்டன. பிஎச்ஓ2 மரபணு உருவாக்குவது ஓர் இ2 நொதியாகும். அதாவது, அச்செடியில் பழுதடைந்திருந்தது கடத்தி அன்று. யூபிகுவிட்டின் ஒட்டும் அமைப்பின் ஓர் உறுப்பு.

இந்நொதி எதனைச் சிதைக்கின்றது என்ற வினாவுக்கு 2012 இல் ஒரு விடை கிடைத்தது. பிஎச்ஓ2 செடியின் நச்சுத்தன்மையை நீக்கும் வேறு மரபணு மாற்றங்களைத் தேடியபோது, அவை பிஎச்ஓ1 மரபணுவில் அமைந்திருந்தன. 1991 இல் கண்டறியப்பட்ட புரதமே 1995 இல் கண்டறியப்பட்ட நொதியின் இலக்கு என்பது இவ்வாறு வெளிப்பட்டது. பிஎச்ஓ2 நொதி உயிரணுவின் உட்சவ்வுகளில் பிஎச்ஓ1 புரதத்துடன் இணைந்து, அது வாக்குவோலில் சிதைவதற்கு வழிசெய்கின்றது. வேரின் வெளிப்புறத்திலிருந்து பாஸ்பேட்டை எடுக்கும் பிஎச்டி1 கடத்திகளின் சிதைவிலும் இந்நொதிக்குப் பங்குண்டு என 2013 இல் அறிவிக்கப்பட்டது.

பற்றாக்குறையின்போது நிகழ்வன

பாஸ்பேட் குறையும்போது செடி பிஎச்ஓ2 நொதியை அடக்குகின்றது. இதற்குப் பயன்படுவது நுண் ஆர்.என்.ஏ. 399 என்னும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. மூலக்கூறு ஆகும். நுண் ஆர்.என்.ஏ.க்கள் புரதமாக மாறுவதில்லை. தமக்குப் பொருந்தும் வரிசையைக் கொண்ட தூது ஆர்.என்.ஏ.வுடன் இணைந்து, அது வெட்டப்படச் செய்கின்றன. பிஎச்ஓ2 இன் தூது ஆர்.என்.ஏ.வில் நுண் ஆர்.என்.ஏ. 399 இணையக்கூடிய இடங்கள் ஐந்து உள்ளன.

நிகழ்வுகளின் வரிசை பின்வருமாறு:

1. இலைகளில் பாஸ்பேட் குறைகின்றது.
2. பிஎச்ஆர்1 என்னும் படியெடுத்தல் காரணி தடையிலிருந்து விடுபட்டு, பட்டினிக்கால மரபணுக்களை இயக்குகின்றது. கடத்திகளின் மரபணுக்களும் நுண் ஆர்.என்.ஏ. 399 இன் மரபணுக்களும் இவற்றுள் அடங்கும்.
3. நுண் ஆர்.என்.ஏ. 399 தண்டுப் பகுதியிலிருந்து புளோயம் வழியாக வேருக்கு இறங்குகின்றது.
4. வேரில் பிஎச்ஓ2 இன் தூது ஆர்.என்.ஏ. வெட்டப்படுகின்றது. புதிய நொதி உருவாவது குறைகின்றது.
5. பிஎச்ஓ1, பிஎச்டி1 புரதங்கள் சிதையாமல் நிலைக்கின்றன. உள்ளெடுப்பும் மேலேற்றமும் கூடுகின்றன.

மூன்றாவது படி 2008 இல் ஒட்டுச் செடிகளைக் கொண்டு மெய்ப்பிக்கப்பட்டது. நுண் ஆர்.என்.ஏ. 399 ஐ மிகுதியாக உருவாக்கும் தண்டை, இயல்பான செடியின் வேர்மீது ஒட்டுக்கட்டியபோது, வேரில் இந்த நுண் ஆர்.என்.ஏ. காணப்பட்டது. வேரிலிருந்த பிஎச்ஓ2 தூது ஆர்.என்.ஏ.வும் குறைந்தது. மண்ணைத் தொடாத இலை, தன் தேவையை வேருக்குத் தெரிவிக்கும் வழிகளுள் இது ஒன்று என்பது இதனால் தெரியவந்தது.

தடையின் மீது ஒரு தடை

2007 இல் மாட்ரிட் நகர ஆய்வுக்குழு இவ்வமைப்பில் மேலும் ஒரு படியைக் கண்டது. பட்டினியின்போது ஐபிஎஸ்1 என்னும் நீண்ட ஆர்.என்.ஏ. மிகுதியாக உருவாகின்றது. இது புரதமாக மாறுவதில்லை. இதில் நுண் ஆர்.என்.ஏ. 399 இணையக்கூடிய ஒரு வரிசை உள்ளது. ஆனால் வெட்டு விழ வேண்டிய இடத்தில் பொருந்தாத சில எழுத்துகள் இடையிட்டுள்ளதால் ஐபிஎஸ்1 வெட்டப்படுவதில்லை. நுண் ஆர்.என்.ஏ. அதில் சிக்கிக்கொண்டு நிற்கின்றது. இவ்வாறு ஓர் இலக்கைப்போல் அமைந்து நுண் ஆர்.என்.ஏ.வைப் பிடித்துவைக்கும் செயல் 'இலக்குப் போலி' எனப்படுகின்றது.

பட்டினியின்போது பிஎச்ஓ2 நொதியை அடக்கும் மூலக்கூறும், அந்த அடக்குதலைத் தணிக்கும் மூலக்கூறும் ஒருசேர உருவாகின்றன. இதனால் பிஎச்ஓ2 முற்றிலும் மறைந்துவிடாமல் ஓரளவு எஞ்சியிருக்கின்றது. பிஎச்ஓ2 முற்றிலும் இல்லாத செடியின் இலை கருகுவதைக் கருதினால் இதன் பயன் புரியும்.

என்எல்ஏ புரதமும் நைட்ரஜனும்

பிஎச்டி1 கடத்திகளைச் சவ்வில் வைத்தே அடையாளமிடும் இ3 நொதி என்எல்ஏ எனப்படுகின்றது. இதன் கண்டுபிடிப்பு வேறொரு தேடலில் நிகழ்ந்தது. குறைந்த நைட்ரஜனுக்குத் தாவரங்கள் எவ்வாறு தகவமைகின்றன என்பதை ஆராய்ந்தவர்கள், 2007 இல் நைட்ரஜன் குறைவில் விரைவாக மூப்படைந்து மடியும் ஒரு செடியை விவரித்தனர். அதில் பழுதடைந்திருந்த மரபணுவுக்கு, நைட்ரஜன் குறைவுக்கான தகவமைப்பு என்னும் பொருள்பட என்எல்ஏ எனப் பெயரிட்டனர்.

2011 இல் இதன் உண்மைக் காரணம் தெரிந்தது. அச்செடிகளை மடியச் செய்தது நைட்ரஜன் குறைவு மட்டும் அன்று. இலைகளில் நஞ்சாகக் குவிந்த பாஸ்பேட்டும் ஆகும். பாஸ்பேட் உள்ளெடுப்பைக் குறைக்கும் மரபணு மாற்றங்கள் சேர்ந்தபோது செடிகள் பிழைத்தன. நைட்ரஜன் குறைவாக இருக்கும்போது வளர்ச்சி குறைந்துவிடுவதால் பாஸ்பேட்டின் தேவையும் குறைகின்றது. அவ்வேளையில் கடத்திகளை அகற்றும் வழி இல்லாத செடி, தனக்குத் தேவையற்ற பாஸ்பேட்டைத் தொடர்ந்து உள்ளிழுக்கின்றது.

அராபிடாப்சிஸ் செடியில் என்எல்ஏ மரபணுவும் பட்டினியின்போது ஒரு நுண் ஆர்.என்.ஏ.வால் அடக்கப்படுகின்றது. அது நுண் ஆர்.என்.ஏ. 827 ஆகும். என்எல்ஏவும் பிஎச்ஓ2 உம் தனித்தனியாகச் செயற்படுகின்றனவா, ஒன்றாகவா என்பதில் ஆய்வு முடிவுகள் வேறுபட்டுள்ளன. 2013 இல் வெளியான ஆய்வு அவை தனித்தனியே செயற்படுவதாகக் கூறியது. 2014 இல் வெளியான மற்றோர் ஆய்வு, பிஎச்ஓ2 இ2 நொதியாகவும் என்எல்ஏ இ3 நொதியாகவும் இணைந்து செயற்படுவதாகக் கூறியது.

பாஸ்பேட் அளவை அறியும் முறை

உயிரணு தன்னுள் உள்ள பாஸ்பேட்டின் அளவை இனோசிட்டால் பைரோபாஸ்பேட்டுகள் என்னும் மூலக்கூறுகள் வாயிலாக அறிகின்றது. பாஸ்பேட் மிகுந்திருக்கும்போது இவை கூடுகின்றன. குறையும்போது இவையும் குறைகின்றன. எஸ்பிஎக்ஸ் எனப்படும் பகுதியைக் கொண்ட புரதங்களுடன் இம்மூலக்கூறுகள் இணைகின்றன என்பது 2016 இல் காட்டப்பட்டது. அவ்வாறு இணைந்த எஸ்பிஎக்ஸ் புரதங்கள் பிஎச்ஆர்1 காரணியைப் பிடித்துவைத்து, பட்டினிக்கால மரபணுக்கள் இயங்காமல் தடுக்கின்றன. பிஎச்ஓ1, என்எல்ஏ ஆகிய இரண்டிலும் எஸ்பிஎக்ஸ் பகுதி உள்ளது.

இங்கும் சிதைவுக்குப் பங்குண்டு. நெல்லில் எஸ்பிஎக்ஸ்4 என்னும் தடுப்புப் புரதம் பாஸ்பேட் குறையும்போது சிதைக்கப்படுகின்றது. நைட்ரேட் கிடைக்கும்போதும் இப்புரதம் யூபிகுவிட்டின் வழியாகச் சிதைக்கப்படுவது 2019 இல் அறிவிக்கப்பட்டது. நைட்ரஜன் கிடைத்து வளர்ச்சிக்கு வாய்ப்பு ஏற்படும்போது பாஸ்பேட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ள இது உதவுகின்றது.

பிற ஊட்டச்சத்துகள்

கடத்திகளைச் சிதைத்து உள்ளெடுப்பைக் கட்டுப்படுத்தும் முறை பாஸ்பேட்டுக்கு மட்டும் உரியதன்று.

போரான்: போரான் குறைவாக இருக்கும்போது அதனைச் சைலத்தில் ஏற்றும் பிஓஆர்1 கடத்தி சவ்வில் நிலைத்திருக்கின்றது. போரான் மிகும்போது அது உள்ளிழுக்கப்பட்டு வாக்குவோலில் சிதைக்கப்படுகின்றது. இது 2005 இல் காட்டப்பட்டது. போரான் தேவைக்கும் நச்சுக்கும் இடைப்பட்ட எல்லை மிகக் குறுகியது என்பதால் இக்கட்டுப்பாடு இன்றியமையாதது.

இரும்பு: வேரின் இரும்புக் கடத்தியான ஐஆர்டி1, துத்தநாகம், மாங்கனீசு, கோபால்ட் ஆகியவற்றையும் உள்ளே விடக்கூடியது. இரும்புப் பற்றாக்குறையில் இக்கடத்தி மிகும்போது அவ்வுலோகங்களும் மிகையாக நுழையும் இடர் உள்ளது. அவை மிகும்போது ஐஆர்டி1 இன் உட்புறத்தில் உள்ள ஹிஸ்டிடின் நிறைந்த பகுதியில் இணைகின்றன. இதனைத் தொடர்ந்து ஐடிஎஃப்1 என்னும் இ3 நொதி அக்கடத்தியின்மீது யூபிகுவிட்டின் சங்கிலியை ஒட்டுகின்றது. தான் கடத்தும் பொருளின் அளவைக் கடத்தியே உணர்ந்து தன் சிதைவுக்கு வழிசெய்கின்றது என்பதை 2018 இல் வெளியான ஆய்வு காட்டியது.

பயிர்களும் வேளாண்மையும்

பாஸ்பேட் உரம் பாறைக் கனிமத்திலிருந்து பெறப்படுகின்றது. இக்கனிமம் புதுப்பிக்கவியலாதது, அதன் இருப்பில் பெரும்பகுதி மொரோக்கோவிலும் மேற்கு சகாராவிலும் உள்ளது. இந்தியா தன் தேவையின் பெரும்பகுதிக்கு இறக்குமதியைச் சார்ந்துள்ளது. இடப்படும் உரத்தில் சிறு பகுதியே அப்பருவப் பயிரைச் சென்றடைகின்றது. எஞ்சியது மண்ணில் பிணைந்துவிடுகின்றது, அல்லது நீர்நிலைகளைச் சேர்ந்து பாசிகள் பெருகக் காரணமாகின்றது. எனவே குறைந்த பாஸ்பேட்டைக் கொண்டு விளையும் பயிர்கள் தேவைப்படுகின்றன.

சிதைவை நிறுத்திவிட்டால் உள்ளெடுப்பு கூடும் என்பதால் பிஎச்ஓ2 நொதியை நீக்குவது எளிய தீர்வாகத் தோன்றலாம். நெல்லில் கண்ட அனுபவம் இதற்கு எச்சரிக்கையாக உள்ளது. பிஎச்ஓ2 பழுதடைந்த நெற்பயிரில் பாஸ்பேட் மிகையாகச் சேர்ந்து இலை நுனிகள் கருகின. 2011 இல் விவரிக்கப்பட்ட இச்சடுதிமாற்றத்தின் பெயரே 'இலைநுனி மடிவு' என்பதாகும்.

கோதுமையில் வேறு வாய்ப்பு உள்ளது. ரொட்டிக் கோதுமை ஆறு தொகுதி நிறப்புரிகளைக் கொண்டது. அதன் மரபணுத்தொகை மூன்று உள்மரபணுத்தொகைகளால் ஆனது. எனவே பிஎச்ஓ2 மரபணுவுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட இணைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றை மட்டும் செயலிழக்கச் செய்தபோது, பாஸ்பேட் குறைந்த நிலையில் உள்ளெடுப்பும் தானிய விளைச்சலும் கூடியதாக 2016 இல் அறிவிக்கப்பட்டது. தடையை முழுமையாக நீக்காமல் ஓரளவு தளர்த்துவதே இங்குப் பயன் தந்தது.

அராபிடாப்சிஸ் செடியில் கண்டவை எல்லாப் பயிர்களுக்கும் அப்படியே பொருந்துவதில்லை. எடுத்துக்காட்டாக, அராபிடாப்சிஸ் செடியில் என்எல்ஏவை அடக்கும் நுண் ஆர்.என்.ஏ. 827, நெல்லில் வாக்குவோலின் சவ்வோடு தொடர்புடைய வேறு எஸ்பிஎக்ஸ் புரதங்களை இலக்காகக் கொள்கின்றது. ஆகவே ஒவ்வொரு பயிரிலும் எந்தப் புரதம் எந்தக் கடத்தியைச் சிதைக்கின்றது என்பதைத் தனித்தனியே ஆராய்ந்த பின்னரே அதனை மாற்றியமைக்க இயலும்.